கொஞ்ச நாளைக்கு

"போத் வெஜிடேரியன்" என்று குற்றாலிங்கம் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிச் சொன்னபோது ரயில் ப்ராக் நகரத்தை விட்டு இன்னும் முழுசாக வெளியே வந்திருக்கவில்லை. வண்ணம் கிறுக்கிய சுவர்களும் குட்டித் தோட்டங்களுக்குள் தகரக் கூரை வீடுகளும் ஜன்னலில் போய்க்கொண்டிருந்தன. உணவுப் பெட்டியில் பரிமாறுகிறவருக்கு ஐம்பது வயதிருக்கும். கறுப்பு முன்துணியை வயிற்றுக்கு மேலே கட்டி, காதில் பேனாவைச் செருகியிருந்த அந்த ஆள் விரல்களைப் பார்த்தார், பிறகு விரலுக்கு ஒருவராக இவர்கள் இருவரையும் பார்த்தார், "போத்" என்று தானும் ஒரு முறை சொல்லிக்கொண்டு, பூண்டு சூப் இரண்டு, ரொட்டி ஒரு கூடை, மற்றது அப்புறம் என்று எழுதிக்கொண்டு போனார். பெர்லினில் வந்து இறங்கிய பதினெட்டு நாளில் இது எத்தனையாவது போத் என்று ஜெசிந்தா நினைத்துப் பார்த்தாள். மகள் வீட்டுத் தெருமுனையில் துருக்கிக்காரர் கடையில் ஒன்று. ஆற்றுப் படகில் ஒன்று. ப்ராகில் தங்கியிருந்த விடுதி அம்மாளிடம் வாசற்படியிலேயே, பெட்டியைக் கீழே வைக்கும் முன்பாகவே ஒன்று. எல்லா இடத்திலும் அதே இரண்டு விரல், அதே குரல். மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் உதவிப் பொறியாளராகவும் பொறியாளராகவும் இருந்தவர், சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் பேசிப் பழகியவர். நோ மீட், நோ ஃபிஷ், நோ எக் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, மகள் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த செக் மொழி வார்த்தையையும் கடைசியில் சேர்த்துக்கொள்வார்: பெஸ் மாசா, இறைச்சி இல்லாமல். அதைச் சொல்லிவிட்டு முகத்தில் ஒரு சின்னப் பெருமை. எல்லாம் சரிதான். ஆனால் அந்த போத். ஒரு தடவையாவது "நான்" என்று சொல்லிவிட்டு இவள் பக்கம் திரும்பி, "நீ?" என்று கேட்டிருக்கலாம். பதில் தெரிந்த கேள்வியை யார் கேட்பார்கள்? அவருக்குப் பதில் தெரியும். முப்பத்திமூன்று வருஷமாகத் தெரியும்.

எதிர் வரிசை மேசையில் தனியாக உட்கார்ந்திருந்த கிழவர் தொப்பியைக் கழற்றி ஜன்னலோரம் வைத்தார். அவருக்கு ஒரு நீள்வட்டத் தட்டு வந்தது. அதில் தலையும் வாலுமாக ஒரு முழு மீன், வெண்ணெயில் பொரித்தது, தோல் பொன்னாகச் சுருங்கி, கண் வெள்ளையாக வெந்து, பக்கத்தில் எலுமிச்சைத் துண்டு. வெண்ணெய் வாசனைதான் முதலில் வந்தது. அதற்கு அடியில் இன்னொன்று வந்தது. ஜெசிந்தா முகத்தை ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டாள். திருப்பியதும் தன் மேலேயே எரிச்சல் வந்தது, என்னவோ பார்க்கக் கூடாத ஆம்பளையைப் பார்த்துவிட்ட மாதிரி. ஆறு கூடவே வந்துகொண்டிருந்தது. இது வ்ல்தாவா, மேலே போய் லாபேயில் சேரும், அது எல்லை தாண்டினதும் எல்பே ஆகிவிடும், தண்ணி என்னவோ ஒரே தண்ணிதான் என்று குற்றாலிங்கம் காலையில் வரைபடத்தை விரித்து வைத்துச் சொல்லியிருந்தார். அவருக்கு இந்த மாதிரி விஷயங்கள் பிடிக்கும். ஒரு பெயர் எந்த இடத்தில் இன்னொரு பெயராக மாறுகிறது, எந்தக் கம்பத்தோடு ஒரு வட்டத்தின் மின்சாரம் முடிந்து அடுத்த வட்டத்தின் மின்சாரம் தொடங்குகிறது. இவளும் ஒரு கம்பத்தில் மாறினாள். அது எந்தக் கம்பம் என்று இவளுக்குத் தெரியும், அவருக்குத் தெரியுமா என்பதுதான் தெரியாது.

பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்ட். ஐப்பசி மழை விட்டிருந்த நேரம், கூரை விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. திருச்செந்தூர் போகிற பஸ்ஸின் கண்டக்டர் கம்பியைத் தட்டிக் கூவிக்கொண்டிருந்தான். பதிவுத் திருமணத்துக்கு இன்னும் பதினோரு நாள். குற்றாலிங்கம் குடையை மடக்கி, அதிலிருந்து வடிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அம்மாவுக்காகத்தான் ஜெசி. கொஞ்ச நாளைக்கு." முன்னால் பின்னால் வேறு என்னென்னவோ சொன்னார், அதெல்லாம் போய்விட்டது, இது மட்டும் நிற்கிறது. கொஞ்ச நாளைக்கு. அவர் முடிக்கும் முன்பே இவள் சரி என்று சொல்லிவிட்டாள். இருபத்தாறு வயதில் கொஞ்ச நாள் என்றால் ஆறு மாதம். மிஞ்சிப்போனால் ஒரு பிள்ளை பிறக்கும் வரை. சைவப் பிள்ளைமார் வீட்டுக்கு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்தெருவிலிருந்து மருமகளாகப் போகிறவளிடம் அவர்கள் என்னென்னவோ கேட்பார்கள் என்று பயந்திருந்தாள். மாதா கோயிலுக்குப் போகாதே என்பார்கள், கழுத்துச் சிலுவையைக் கழற்று என்பார்கள், பெயரை மாற்று என்பார்கள். ஒன்றும் இல்லை. ஆகஸ்ட் ஐந்தாம் தேதி பனிமய மாதா திருவிழாவுக்கு ஒரு வருஷம் தவறாமல் போய்விட்டு வருகிறாள், மாமியாரே பூ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். கடவுளை யாரும் கேட்கவில்லை, மீனைத்தான் கேட்டார்கள். இவளுடைய அம்மாதான் அதைக் கேட்டு வாயில் கை வைத்தாள். "சாமிய மாத்துன்னா கூட மாத்திரலாம்டி. நாக்க எப்படிடி மாத்துவ?" மாற்றலாம் என்று காட்டினாள் ஜெசிந்தா. மாற்றி முப்பத்திமூன்று வருஷம் தான் பிறந்த அதே தூத்துக்குடியில், துறைமுகத்திலிருந்து நாலு கிலோமீட்டரில், அனல் மின் நிலையக் குடியிருப்பில், கருவாட்டு வாசனையோடு காற்று வீசுகிற நாளில் ஜன்னலைச் சாத்தாமல் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கினாள். சாத்தினால் வாசனை பிடிக்கவில்லை என்று ஆகிவிடும். அந்தப் பொய்யை மட்டும் அவள் சொல்லவில்லை.

"சூப்பப் பாருட்டி, நம்ம ரசம் மாதிரில்லா இருக்கு" என்றார் குற்றாலிங்கம். சூப் வந்ததையே அவள் கவனிக்கவில்லை. நசுக்கிய பூண்டு, உருளைக்கிழங்குத் துண்டு, சீரகம், மேலே நெய்யில் வறுத்த ரொட்டித் துண்டுகள். "புளியில்லாத ரசம்" என்றாள். "அதான் சொல்லுதேன். புளி மட்டும் இந்த வெள்ளைக்காரனுக்குத் தெரிஞ்சிருந்தா நம்மூருப் பக்கமே வந்திருக்க மாட்டான்." அவர் உறிஞ்சிக் குடித்தார். ரசித்துச் சாப்பிடுகிற மனுஷன். நேற்று ப்ராகில் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தள்ளுவண்டிக் கடையில் உருளைக்கிழங்கைத் துருவி, பூண்டு போட்டு, ஏதோ பச்சிலை தூவி, தோசைக்கல்லில் ஊற்றிக் கொடுத்ததை, முட்டை இல்லாமல் தனியாகக் கலக்கச் சொல்லி, இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். நம்ம அடைக்கு அண்ணன் என்றார். முந்தாநாள் சீஸைப் பாளமாக ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்துத் தந்தார்கள். அதை வெட்டும்போது உருகி வழிந்ததைப் பார்த்து சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். அப்போது இவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் வாயைத் துடைத்துவிட்டு, "ரிட்டயர் ஆனப்புறம் வந்ததே நல்லதுளா, அப்ப வந்திருந்தா அவசர அவசரமாப் பாத்திட்டுப் போயிருப்போம்" என்றார். இரண்டு பேருமே வாய் நிறைய தின்றார்கள். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. அவரோடு வாழ்ந்தது நன்றாகத்தான் இருந்தது, நன்றாக இருந்ததில் ஒரு இடத்தில் மட்டும் ஒரு நாற்காலி காலியாகப் போட்டபடி கிடந்தது. அதில் யாரும் உட்காரவும் இல்லை, அதை யாரும் எடுத்துப் போடவும் இல்லை. இவள் அதைச் சுற்றிச் சுற்றிக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

நேற்றுச் சாயங்காலம் விடுதி அம்மாள் சாவிக்காகக் கைப்பையைத் துழாவினபோது அதிலிருந்து நகம் அளவு ஏதோ ஒன்று விழுந்தது. இவள் குனிந்து எடுத்தாள். எடுத்த விரலுக்குத் தெரிந்துவிட்டது, கண் பார்ப்பதற்கு முன்பே. மீன் செதில். பெரிய கெண்டையின் செதில், காய்ந்து கண்ணாடி மாதிரி. கிறிஸ்துமஸ் அன்றைக்குக் கெண்டை மீன்தான் சமைப்போம், அதில் ஒரு செதிலை வருஷம் பூராவும் பையில் வைத்திருப்போம், வீட்டில் குறையே வராது என்று அந்த அம்மாள் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாள். இதுவும் ஒரு கிறிஸ்தவ வீடுதான், அவர்கள் செதிலைப் பத்திரப்படுத்துகிறார்கள், இவள் முழங்கையில் ஒட்டினதையெல்லாம் சவுக்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுக் கல்யாணத்துக்குப் போனாள். திருப்பிக் கொடுத்துவிட்டு ட்ராமில் வெளியே போகும்போது குற்றாலிங்கத்துக்குத் தெரியாமல் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. செத்து ஒன்பது மாதமான செதிலில் என்ன இருக்கும். ஆனால் ராத்திரி பூராவும் அந்தக் கையை விரித்தபடியே படுத்திருந்தாள். நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. மீன் ஒரு துண்டு நுழையாத வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அவர் ஆசையாக வைத்த பெயர் கயல்விழி. மாமியாருக்கும் பிடித்துவிட்டது, அம்மன் பெயர் மாதிரி இருக்கிறது என்றாள். அந்தக் கயல் இப்போது பெர்லினில் பாலைக்கூடத் தொடுவதில்லை. "அப்பா, நீங்க காப்பில ஊத்துறது கன்னுக்குட்டியோட சாப்பாடு" என்று முதல் நாளே சண்டை பிடித்தாள். கல்லூரியில் படிக்கும்போது தோழிகளோடு ஒரு வருஷம் மீன் தின்றிருக்கிறாளாம். அடுப்படியில் ஓட்ஸ் பாலைக் கலக்கிக்கொண்டே சொன்னாள்: "நல்லாத்தாம்மா இருந்துச்சு. அப்புறம் வேண்டாம்னு தோணுச்சு, விட்டுட்டேன்." தோன்றியது, தின்றாள். தோன்றியது, விட்டாள். அவ்வளவுதான். யாரும் அவளிடம் கொஞ்ச நாளைக்கு என்று சொல்லவில்லை.

மாமியார் கெட்டவள் இல்லை. அப்படி இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும், ஒரு நாள் சண்டை போட்டு ஒரு சட்டி சாளை மீன் குழம்பைக் கொதிக்கவிட்டிருக்கலாம். நல்ல மனுஷி. இவள் கையால் சாப்பிட்டாள், இவளைப் பக்கத்து வீடுகளுக்குக் கூட்டிக்கொண்டு போய், எம் மருமவ தானா விட்டுட்டா, நான் ஒரு வார்த்தை சொல்லலை என்று பெருமையாகச் சொன்னாள். இடுப்பெலும்பு முறிந்து படுத்த ஐந்து மாதமும் இவள்தான் ஊட்டிவிட்டாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவுக்காரர்கள் எல்லாரும் கிளம்பிப் போய், வாசலில் செருப்புக் குறைந்து, கடைசியில் இரண்டு ஜோடி மட்டும் மிஞ்சின சாயங்காலம் இவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்து மிச்சமிருந்த ரசஞ்சோறு சாப்பிட்டார்கள். அவர் பாதியில் நிறுத்தி இவளை நிமிர்ந்து பார்த்தார். சொல்லப்போகிறார் என்று நினைத்தாள். அவர் சொன்னார்: "மோட்டார் போட்டியா? மேல டாங்கில தண்ணி வரலை." எழுந்து போய் மோட்டாரைப் போட்டாள். முதல் வருஷத் திவசம் கழியட்டும் என்று காத்திருந்தாள். அவர் ஓய்வு பெறட்டும் என்று காத்திருந்தாள். கயல் வெளிநாடு போனதும் வீட்டில் நாம் இரண்டு பேர்தானே, ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் மீன்காரன் ஹாரன் அடிக்கும்போது தலையைத் தூக்கி, ஏட்டி, நான் கொஞ்ச நாளுன்னுதான சொன்னேன் என்பார் என்று காத்திருந்தாள். அவர் பேப்பரைப் புரட்டினார். அண்ணன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மதினி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரு துண்டு வைக்கட்டுமா?" என்பாள். "விட்டுட்டேன் மதினி." ஒரு தடவை அடுப்படியில் யாரும் இல்லாதபோது குழம்புச் சட்டியின் மூடியைத் திறந்தாள், ஆவி முகத்தில் அடித்தது, மூடிவிட்டாள். திருடித் தின்றால் வயிறு நிறையும். இவளுக்கு வயிறு காயவில்லை. அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவேண்டும், இவளிடம் தான் கேட்டுக்கொண்டதை அவர் மறக்கவில்லை என்று தெரியவேண்டும், இவள் கொடுத்தது ஒரு இடத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று தெரியவேண்டும்.

தானே வாய் திறந்து கேட்டிருக்கலாம். எத்தனையோ தடவை நாக்கு நுனி வரை வந்து திரும்பியது. கேட்டால் என்ன ஆகும் என்று இவளுக்குத் தெரியும், அந்தப் பயம்தான் வாயைப் பூட்டியது. "நான் எப்ப சொன்னேன்?" என்று அவர் கேட்டுவிட்டால்? அப்புறம் அந்த முப்பத்திமூன்று வருஷத்தை யாரிடம் கொடுத்தோம் என்று ஆகிவிடும். கேட்காமல் இருக்கும் வரை, அவருக்கு ஞாபகம் இருக்கிறது, சொல்ல நேரம் வரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் அவள் கையில் ஒரே ஒரு சாட்சியை இறுகப் பிடித்திருந்தாள். அப்போது இவள் வேலை பார்த்த துறைமுக அலுவலகக் கேண்டீன், கல்யாணத்துக்கு முந்தின வருஷம். அவர் ஏதோ மின் இணைப்பு வேலையாக வந்திருந்தார், மத்தியானம் இவள் எதிரில் வந்து உட்கார்ந்தார். இவள் தட்டில் பொரித்த சாளை நாலு. "நான் ஒண்ணு தின்னு பாக்கட்டுமா?" என்றார். விளையாட்டு என்று நினைத்தாள். ஒன்றை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டார், பிறந்ததிலிருந்து முட்டையைக்கூடத் தொடாத ஆள். மென்றார். மூடின கண்ணின் ஓரத்தில் நீர் வழிந்தது. இவளுக்காக, இவள் சாதிக்காக, இவள் தெருவுக்காக ஒருவன் தன் பிறப்பையே விழுங்கிக்கொண்டு அழுகிறான் என்று இவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தக் கண்ணீர்தான் இவள் சரி என்று சொன்னதற்குக் காரணம். பஸ் ஸ்டாண்டில் அவர் வாயை மூடும் முன்பே சரி என்று வந்ததே, அது அந்தச் சாளைக்குக் கொடுத்த பதில். அவர் ஒன்று விழுங்கினார், இவள் எல்லாவற்றையும் விட்டாள். அந்த மனுஷன் எங்கே? எதிரில் உட்கார்ந்து சூப்புக் கிண்ணத்தை ரொட்டியால் துடைத்துக்கொண்டிருக்கிற இந்த அறுபத்திமூன்று வயதுக்காரருக்குள் அவன் எங்காவது இருக்கிறானா?

ஊஸ்தி என்று ஒரு பெரிய நிலையம் வந்து போனது. ஆறு இப்போது அகன்று லாபே ஆகிவிட்டிருந்தது, அக்கரையில் பாறைமேல் இடிந்த கோட்டை ஒன்று. "எல்லைக்கு இன்னும் அரை மணி நேரந்தான்" என்றார் குற்றாலிங்கம். நாளை மறுநாள் விமானம். இந்த ரயிலை விட்டு இறங்கினால் கயலின் அடுப்படி, அதற்கப்புறம் தூத்துக்குடி. அங்கே இவள் எங்கே திரும்பினாலும் விட்டுட்டேன் என்று இவளே சொல்லிக் கேட்ட முகங்கள். கிழவர் சாப்பிட்டு முடித்திருந்தார். தட்டில் சீப்பு மாதிரி ஒரு முள் மட்டும், ஒரு இழை சதை ஒட்டாமல். கெட்டிக்காரர். பரிமாறுகிறவர் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டே இவர்கள் மேசைக்கு வந்து நின்றார். சுடச்சுட என்ன இருக்கிறது என்று குற்றாலிங்கம் கேட்டார். பொரித்த சீஸ் இருக்கிறது, காளான் இருக்கிறது, பழம் வைத்த கொழுக்கட்டை இருக்கிறது என்றார் அவர். பிறகு கையிலிருந்த முள்ளைக் கண்ணால் காட்டி, "ட்ரௌட் மீன் ஒன்றே ஒன்று மிச்சம். காலையிலிருந்து யாருக்காகவோ காத்திருக்கிறது, பாவம்" என்று சிரித்தார். அவருக்கு எல்லா மேசையிலும் சொல்கிற பேச்சாக இருக்கும். குற்றாலிங்கமும் சிரித்துக்கொண்டே இரண்டு விரலைத் தூக்கினார். "நோ நோ. சீஸ். போத்—"

"ஒன்" என்றாள் ஜெசிந்தா. குரல் வெளியே வந்ததா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. வந்திருக்க வேண்டும், பரிமாறுகிறவர் பேனாவைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். "ஃபிஷ். எனக்கு" என்று தமிழையும் சேர்த்துச் சொல்லித் தன் மார்பில் கை வைத்தாள். குற்றாலிங்கத்தின் இரண்டு விரல் காற்றில் நின்றது. பரிமாறுகிறவர் ஒரு விரலைப் பார்த்து "சீஸ்" என்றார், இன்னொரு விரலைப் பார்த்து "ஃபிஷ்" என்றார், கணக்குச் சரியாகிவிட்ட திருப்தியோடு போய்விட்டார். ரயில் ஒரு வளைவில் திரும்பியது, மேசையில் வெயில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்ந்தது. "ஏட்டி" என்றார் அவர். "அவன் மீனைச் சொல்லுதான்." "எனக்கும் கேட்டுச்சு." "மீனா கேட்ட?" "மீன்தான் கேட்டேன்." அவர் விரல்களை மடக்கி மேசைக்கு அடியில் கொண்டுபோனார். கோபமா என்று பார்த்தாள். கோபம் இல்லை, மின் தடை வந்த இடத்தைத் தேடுகிற முகம். "நீதான் விட்டுட்டியே" என்றார். அதுதான். அது போதும், அதற்கு மேல் இவளால் அடக்க முடியவில்லை. "கொஞ்ச நாளைக்குன்னு சொன்னீங்க" என்றாள். "யாரு?" "நீங்க." "எப்ப?"

வந்துவிட்டது. பதினோரு வருஷம், ஏன், அதற்கும் முன்னாலிருந்தே எது வந்துவிடும் என்று பயந்தாளோ அது வந்து மேசைமேல் உப்புக் குப்பிக்கும் ரொட்டிக் கூடைக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டது. ரயில் நிற்கவில்லை. ஆறும் நிற்கவில்லை, ஒரு ஆள் கரையில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தான். "பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்ட்ல. மழை விட்டிருந்துச்சு. கையில குடை வச்சிருந்தீங்க. அம்மாவுக்காக, கொஞ்ச நாளைக்குன்னீங்க." அவர் நெற்றியைச் சுருக்கித் தேடினார். உண்மையாகவே தேடினார், அதைப் பார்க்கத்தான் இவளுக்குத் தாங்கவில்லை. ஞாபகம் இருக்கிற மாதிரி ஒரு பொய் சொல்லக்கூட அவருக்கு வராது. "எனக்கு ஞாபகமே இல்லையேட்டி" என்றார். "அம்ம எல்லார்ட்டயும் சொல்லுவா, அவ தானா விட்டுட்டான்னு. நானும் கேட்டுக் கேட்டு… அப்படித்தான்னு இருந்துட்டேன்." பிறகு, "எத்தன வருஷம்?" என்றார். "முப்பத்திமூணு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஆறு தெரியாது.

மீன் வந்தது. தட்டு சூடாக இருந்தது, பார்த்து என்று பரிமாறுகிறவர் சைகை செய்தார். ஜெசிந்தா முள்கரண்டியை எடுத்தாள், வைத்துவிட்டாள். கையால் தொட்டாள். விரலுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, எங்கே அழுத்தினால் தோல் விடும், எங்கே கீறினால் முதுகுச் சதை பாளமாகக் கழன்று வரும், வாலிலிருந்து எப்படி முள்ளை ஒரே இழுப்பாக உரிப்பது, யாரும் அதனிடம் கொஞ்ச நாள் முடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு விள்ளல் வாயில் வைத்தாள். ஆற்று மீன். உப்பு இல்லை, கடல் இல்லை, வெண்ணெயும் சீரகமுமாக ஏதோ ஒரு மெத்தென்ற சதை. இதற்காகவா என்று ஒரு நொடி தோன்றியது. பிறகு நாக்குக்கு அடியில், எங்கேயோ ஓரத்தில், ஒரு துளி தெரிந்தது. தெரிந்த ஒருவர் கூட்டத்தில் தலையைக் காட்டிவிட்டு மறைகிற மாதிரி. அவள் மென்றுகொண்டே இருந்தாள், அது இன்னொரு தடவை வருமா என்று. கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கை சுத்தமாக இல்லை.

"பாத்து" என்றார் குற்றாலிங்கம். "முள்ளு." இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாருட்ட சொல்லுதீங்க?" "உங்கிட்டதான். கண்ணுல தண்ணி வருதுல்லா. எனக்கும் அன்னைக்கி அப்படித்தான் வந்துச்சு." என்றைக்கு என்று பார்த்தாள். "ஹார்பர் கேண்டீன்ல. சாளை. பெரிய வீரன் மாதிரி முழுசா வாயில போட்டுட்டேன், முள்ளு குறுக்க மாட்டிக்கிச்சு. மூச்சே விட முடியலை, கண்ணு ரெண்டும் பிதுங்கிட்டு. நீதான வெறுஞ்சோத்த உருட்டி, மெல்லாம முழுங்குங்கன்னு வாயில வச்ச? மூணு உருண்டை. மூணாவதுலதான் இறங்குச்சு." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இவளைப் பார்த்தார். "அதுவரைக்கும் எனக்கு யோசனைதான்ளா. சாதி, அம்ம, ஊருன்னு. மூணாவது உருண்டை இறங்குனதும் முடிவு பண்ணிட்டேன், இவதான்னு."

"எப்ப?" என்றாள் ஜெசிந்தா.

கேட்ட பிறகுதான் தன் குரல் காதில் விழுந்தது. தேடிப் பார்த்தாள். கேண்டீன் இருக்கிறது, தட்டு இருக்கிறது, மூடின கண் இருக்கிறது, நீர் வழிகிறது. சோறு இல்லை. உருண்டை இல்லை. தன் கை அவர் வாய்வரைக்கும் போனதே இல்லை. தம்பிமாருக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு, எத்தனை பேருக்கு எத்தனை உருண்டை உருட்டிக் கொடுத்திருப்பாள், தொண்டையில் முள் மாட்டினால் எந்த மீன்காரி வீட்டிலும் செய்கிற காரியம், அதையெல்லாம் யார் நினைவு வைத்துக்கொள்வார்கள்? ஒருவர் வைத்திருந்திருக்கிறார். இவள் பாதுகாத்து வைத்திருந்த அழுகை வெறும் முள். அவர் பாதுகாத்து வைத்திருந்தது இவள் கையிலிருந்து விழுந்ததே தெரியாத மூன்று உருண்டை. இந்தப் பக்கத்து வாக்கு அந்தப் பக்கத்துக்குத் தெரியவில்லை, அந்தப் பக்கத்துச் சோறு இந்தப் பக்கத்துக்குத் தெரியவில்லை, நடுவில் முப்பத்திமூன்று வருஷம் இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிட்டு எழுந்திருக்கிறார்கள். ஆறுதலாக இருக்கிறதா என்று யோசித்தாள். ஆறுதல் இல்லை. போன மீன் போனதுதான். ஆனால் கேட்கக் கூடாது என்று காத்த கேள்வியைக் கேட்டாயிற்று, விடையும் வந்தாயிற்று, எதிரில் ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

பரிமாறுகிறவர் வந்து சீஸ் தட்டை வைத்தார். முடித்ததும் பழக் கொழுக்கட்டை கொண்டு வரலாமா, இரண்டு பேருக்குமா என்று கேட்டார். "போத்?" குற்றாலிங்கத்தின் கை பழக்கத்தில் மேலே எழுந்தது. இரண்டு விரல். ஒன்றை மடக்கினார். மிச்சமிருந்த விரலை எதிரே திருப்பி, "ஆஸ்க் ஹெர்" என்றார். வேண்டும் என்று ஜெசிந்தா தலையாட்டினாள். எல்லைக்கு முந்தின கடைசி நிலையம் தெச்சீன் தாண்டி ஜன்னலில் பாறைகள் நெருங்கி வந்தன, பெயர்ப்பலகையின் மொழி வேறாகிவிட்டது, ஆறு அதே நிறத்தில் ஓடியது. அவர் சீஸைத் தொடவில்லை. கூடையிலிருந்து ரொட்டியை எடுத்து, ஓரத்துத் தோலைக் கிள்ளிப் போட்டுவிட்டு, உள்ளிருக்கும் மெத்தென்ற பாகத்தைப் பிய்த்து, இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிக்கொண்டிருந்தார். பொறியாளர் உருட்டின உருண்டை, பிசிறில்லாமல், நெல்லிக்காய் அளவு. மீன் தட்டின் விளிம்பில், மீனில் படாதபடி தள்ளி, அதை வைத்தார். "சோறில்லாத ஊரு" என்றார். "இத வச்சுக்கோ. எதுக்கும் இருக்கட்டும்."

முள் எதுவும் மாட்டவில்லை. மாட்டாது. ஜெசிந்தா சிறிது நேரம் அதைப் பார்த்தாள். பிறகு எடுத்து வாயில் போட்டு, மெல்லாமல், மாட்டினவர்கள் விழுங்குகிற மாதிரி அப்படியே விழுங்கினாள்.

"இறங்குச்சா?" என்றார்.

"இன்னும் இல்ல."

அவர் கூடையை இழுத்து வைத்துக்கொண்டு அடுத்ததை உருட்டத் தொடங்கினார்.